தாய்மைக்குக் காவலாய் நின்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலருக்குப் பெருமக்கள் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் நம்மைப் பணித்தனர். அண்ணல் அம்பேத்கர், இரட்டைமலை சீனிவாசனார், எம். சி. இராசா முதலியோரைப் பற்றி நம் இளைஞர்கள் பலமுறை கேட்டும் படித்தும் இருக்கின்றனர். ஆதலால், நம் சமுதாயத்திற் பிறவாதவரும், நம் சேலம் நாமக்கல் சமவெளியைச் சேராதவரும், எனினும் நம் வீட்டுப் பெண்களின் உயிரோடு நேரடித் தொடர்புடையவருமான ஒரு மருத்துவரைப் பற்றி எழுதத் துணிந்தோம். அவரே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

இதனைக் கேள்வியுற்ற பெரியோர் சிலர், ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் ஒருங்கே படிக்கும் மலரில் பூப்பு, கருப்பம், பிள்ளைப்பேறு என்பனவற்றை வெளிப்படையாக எழுதலாகுமா என வினவினர். அவர்களின் தயக்கம் நமக்கு விளங்காததன்று. ஆயினும் இவற்றை விலக்கிவிட்டு அம்மையாரின் வாழ்க்கையைச் சொல்ல இயலாது. மறைத்துப் பேசியதனால் நம் தெருக்களில் எவரும் காப்பாற்றப்பட்டதாகவும் நாம் அறியோம். ஆகவே உள்ளதை உள்ளவாறே எழுதுகின்றோம்.

அம்மையாரின் பெயர் நம் வீடுகளுக்குப் புதிதன்று. பேறுகாலத்தில் ஏழைத் தாய்மார்க்குத் தமிழ்நாடு அரசு வழங்கும் உதவித்தொகை அவர் பெயரால் அமைந்ததே. 2006இல் 6,000 ரூபாயாக இருந்த அத்தொகை 2011இல் 12,000 ஆகவும், 2018இல் ஊட்டச்சத்துப் பெட்டகங்களின் மதிப்பையும் சேர்த்து 18,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. முத்துலட்சுமி பணம் வந்துவிட்டதா என்று நம் பெண்கள் ஒருவரையொருவர் கேட்பதை நாம் செவியாரக் கேட்டிருக்கின்றோம். அந்த முத்துலட்சுமி யார் என்று திருப்பிக் கேட்டால் விடை வருவதில்லை. சிலர் ஏதோ ஓர் அம்மன் பெயரென்று கருதியிருந்தமையும் உண்டு.

அவர் 1886ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30ஆம் நாள் புதுக்கோட்டைச் சமத்தானத்திற் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்வித்துறையில் உயர்நிலையில் இருந்தவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். அக்காலத்தில் அம்மரபுப் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதும், பின் செல்வர் ஒருவரின் ஆதரவில் அவர்கள் வாழ்வதும் வழக்கமாயிருந்தன. சந்திரம்மாள் பொட்டுக்கட்டி விடப்படாமல் ஒருவருடன் இல்லறம் நடத்தினார். எனினும் ஊர் வாய் ஓயவில்லை. தந்தை வழியில் உயர்குலம் என்றும் தாய் வழியில் தாழ்ந்த பிறப்பு என்றும் இரு பக்கமும் எடைபோடப்பட்ட குழந்தையாகவே முத்துலட்சுமி வளர்ந்தார். பிறப்பினால் ஒருவரை அளக்கும் வழக்கம் எத்தகையது என்பதை நம் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

பூப்பெய்தியவுடன் பெண்ணைப் பள்ளியினின்று நிறுத்திவிடுவது அன்றைய முறை. முத்துலட்சுமிக்கும் அதுவே நேர்ந்தது. தாயார் திருமணப் பேச்சை எடுத்தார். மகளோ படிப்பையே விரும்பினார். வீட்டிலேயே பாடம் கற்று 1902இல் மெட்ரிக்குலேசன் தேர்வில் வென்றார். அடுத்து மகாராஜா கல்லூரியிற் சேர விண்ணப்பித்தபோதுதான் புயல் எழுந்தது. ஆண்களுக்கே உரிய கல்லூரியில் ஒரு பெண்ணா என்பது ஒரு வகை எதிர்ப்பு. தேவதாசி மரபிற் பிறந்தவள் உடனிருந்தால் எங்கள் பிள்ளைகள் கெடுவர் என்பது மற்றொரு வகை எதிர்ப்பு. இவற்றையெல்லாம் தள்ளிவிட்டு, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவரைச் சேர்த்துக்கொள்ள ஆணையிட்டார். மூடுவண்டியிற் சென்று, வகுப்பறையில் திரைக்குப் பின்னால் அமர்ந்து அவர் பாடங்கேட்டார். வகுப்பறைக்கு வெளியே திண்ணையில் அமர்ந்து எழுத்துக் கற்ற நம் பாட்டன்மார்க்கு இத்திரை புதிதாகத் தோன்றியிராது.

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து 1912இல் சிறப்புடன் தேறினார். இங்கு ஒரு பிழையைத் திருத்த வேண்டும். இந்தியாவின் முதற்பெண் மருத்துவர் அம்மையாரே என மேடைகளிற் சொல்லப்படுகிறது. அது சரியன்று. அவர் பிறந்த அதே 1886ஆம் ஆண்டில் மராட்டியப் பெண் ஆனந்திபாய் சோசி அமெரிக்காவிலும், வங்கப் பெண் காதம்பினி கங்கூலி கல்கத்தாவிலும் மருத்துவராகிவிட்டனர். சென்னை மருத்துவக் கல்லூரியே 1875 முதற் பெண்களைச் சேர்த்து வந்தது. அம்மையாரின் பெருமை வரிசை எண்ணால் வருவதன்று. ஆதலால் இல்லாத முதன்மையை அவருக்குச் சூட்ட வேண்டியதுமில்லை.

கல்வி முடிந்ததும் எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையிற் பணியேற்றார். 1844இல் தொடங்கப்பெற்ற மருத்துவமனை அது. அங்கு வந்தடைந்தவர்கள் பெரும்பாலும் வீட்டிலே பிள்ளை பெற முயன்று, இரண்டு நாள் மூன்று நாள் வலியெடுத்து, இனி ஆகாது என்ற நிலையில் தூக்கி வரப்பட்டவர்கள். அக்காலத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் மணமுடித்து, பூப்பெய்திய சில திங்களிலேயே கணவன் வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் பல குலங்களில் இருந்தது. அக்குழந்தைத் தாய்மார் மருத்துவமனைக் கட்டிலிற் படும் பாட்டை அவர் ஆண்டுக்கணக்கிற் கண்டார். பின்னாளிற் சட்டமன்றத்தில் அவர் எழுந்து பேசியபோது அவருக்குச் சான்றாக நின்றவை சாத்திர நூல்களல்ல, இக்கட்டில்களே.

இளம்வயதுப் பேறு ஏன் உயிருக்கு இடர் தருகிறது என்பதை நம் இளைஞர்கள் இவ்விடத்தில் அறிந்துகொள்வது நலம். ஒரு பெண் பூப்பெய்துவது, அவளுடைய சினைப்பை முட்டைகளை முதிரச் செய்யத் தொடங்கிவிட்டது என்பதற்கான அறிகுறி மட்டுமே. திங்கள்தோறும் ஏறக்குறைய 28 நாளுக்கு ஒருமுறை ஒரு முட்டை வெளிப்படுகிறது. அதனை ஏற்கக் கருப்பையின் உட்படலம் குருதி நிறைந்து தடிக்கிறது. கரு உண்டாகாவிட்டால் அப்படலம் கழன்று வெளியேறுகிறது. இதுவே மாதவிலக்கு. இதில் தீட்டும் இல்லை, நோயும் இல்லை. சுழற்சி தொடங்கிய முதல் ஓரிரு ஆண்டுகள் நாள் முன்பின்னாக வருவதும் இயல்பே.

ஆனால் உடல் முழுவதும் அந்நாளிலேயே முதிர்ந்துவிடுவதில்லை. இடுப்பெலும்புக் கூடு அதன்பின்னும் சில ஆண்டுகள் விரிந்துகொண்டே இருக்கிறது. அது விரியுமுன் கருவுற்றால், குழந்தையின் தலை வெளிவரும் வழி குறுகியதாக இருக்கும். வலி தொடரும், பிள்ளை இறங்காது. கருப்பை கிழிந்து தாய் மாள்வதும், குழந்தை மூச்சுத் திணறி இறப்பதும், பிழைத்தாலும் நெடுநேர அழுத்தத்தினால் சிறுநீர்ப்பையிற் துளை விழுந்து வாழ்நாள் முழுதும் சிறுநீர் கசிந்துகொண்டே இருப்பதும் இதன் விளைவுகள். அவ்வாறு கசியும் பெண்ணைக் கணவன் வீட்டார் தள்ளிவைப்பர். இரண்டாவது இடர், குருதியழுத்தம் உயர்ந்து வலிப்பு வருதல். நம் பக்கத்தில் ஜன்னி என்றும், காற்றுக் கருப்பு என்றும் சொல்லி வேப்பிலை அடித்தது பல வேளைகளில் இதனையே. முதற்பேற்றிலும், மிக இளவயதிலும் இது மிகுதி. மூன்றாவது, இரத்தசோகை. தன் வளர்ச்சிக்கே இரும்புச்சத்துப் போதாத உடல், இன்னோர் உயிரையும் வளர்த்து, பேற்றின்போது குருதியும் இழந்தால் எங்ஙனம் தாங்கும்?

வீட்டுப்பேற்றில் இன்னோர் எமனும் இருந்தான். கழுவாத கையும், துருப்பிடித்த கத்தியும் கொண்டுவந்த பிரசவக் காய்ச்சலே அவன். தமிழ்நாட்டில் பிள்ளைப்பேறு பார்த்தவர்கள் பெரும்பாலும் மருத்துவர் குலத்து முதிய பெண்கள். வடநாட்டிலோ பெரும்பாலும் நம்மையொத்த ஒடுக்கப்பட்ட பெண்கள். பிள்ளையை வாங்கிய கை தீட்டுக் கை என ஒதுக்கப்பட்டது. அக்கைக்கு ஒரு கட்டிச் சவர்க்காரமும் சிறிது பயிற்சியும் கொடுக்க எவரும் எண்ணவில்லை. குற்றம் முழுவதையும் அக்கிழவியின் தலையில் ஏற்றுவது மட்டும் எளிதாயிருந்தது. இது நம் கருத்து.

1914இல் அவர் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கலாகாது என்று முன்னரே உறுதி பெற்றுக்கொண்ட பின்னரே அவர் இசைந்தார். அவருக்கு அப்போது வயது இருபத்தெட்டு நடந்துகொண்டிருந்தது. பத்து வயதைத் தாண்டினாலே பெண் முற்றிவிட்டாள் என்று பேசிய காலத்தில் இது நடந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டு ஆண்மக்கள் பிறந்தனர். 1923இல் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். அத்துயரம் அவர் நெஞ்சில் முப்பதாண்டுக்காலம் கனன்றுகொண்டிருந்தது. அதன் விளைவைப் பின்னர்க் கூறுவோம். 1925இல் பெண்கள், குழந்தைகள் நோய்களைப் பற்றி மேற்கல்வி பெற இங்கிலாந்து சென்று திரும்பினார்.

சென்னை மாகாணச் சட்டமன்றத்திற்கு அவர் நியமிக்கப்பெற்றதும், அவையின் துணைத்தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பெற்றதும் 1927இல். அவ்வவையில் அமர்ந்த முதற்பெண் அவரே. பள்ளி மாணவியர்க்கு மருத்துவச் சோதனை, குழந்தைகளுக்கெனத் தனி மருத்துவப் பிரிவு என அவர் கேட்டவை பல. அவற்றுள் நாம் நிறுத்திப் பேச வேண்டியது திருமண வயது பற்றிய தீர்மானம். பெண்ணுக்கு 16, ஆணுக்கு 21 என வயது வரையறுக்க வேண்டுமென 1928இல் அவர் அவையிற் கொணர்ந்தார்.

அன்றைய சட்டம் என்னவாயிருந்தது? 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டப்படி பத்து வயது நிரம்பிய சிறுமியுடன் கணவன் உடலுறவு கொள்வது குற்றமன்று. 1890இல் கல்கத்தாவில் ஒரு வழக்கு நடந்தது. ஏறத்தாழப் பத்து வயதே ஆன புல்மணி என்ற சிறுமி, முப்பது வயதைத் தாண்டிய கணவனின் செயலால் குருதி கொட்டி இறந்துபோனாள். வயது பத்தைக் கடந்துவிட்டது என்பதனால் கற்பழிப்புக் குற்றம் அவன்மீது சாரவில்லை. சிறு தண்டனையோடு தப்பினான். நாடு அதிர்ந்தது. 1891இல் அவ்வயது பன்னிரண்டாக உயர்த்தப்பட்டது. அதற்கே மதத்திற்கு ஆபத்து என்று பெருங்கூட்டங்கள் கூடின. 1925இல் மேலும் ஒரு வயது கூட்டப்பட்டது. அம்மையார் பேச எழுந்தபோது சட்டம் நின்ற இடம் இது.

பூப்புக்கு முன் மணம் முடிக்காவிட்டால் பெற்றோர் நரகம் புகுவர் எனச் சாத்திரம் காட்டி வைதிகர் எதிர்த்தனர். அம்மையார் சாத்திரத்தோடு வாதிட்டு நேரத்தை வீணாக்கவில்லை. இடுப்பெலும்பின் வளர்ச்சி, சிறுமித் தாயின் இறப்பு, அவள் பெறும் எடை குறைந்த குழந்தையின் இறப்பு, இளம் விதவைகளின் பெருக்கம் என மருத்துவர் பேசும் வகையிற் பேசினார். அக்காலத்தில் மோரோபந்த் சோசி தலைமையில் அமைந்த இசைவு வயதுக் குழு நாடெங்கும் சென்று சான்றுரை பெற்றது. இறுதியில் 1929இல் சாரதா சட்டம் என்னும் குழந்தை மணத் தடைச் சட்டம் நிறைவேறியது. அது பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்றே வரையறுத்தது. அம்மையார் கேட்ட பதினாறு கிடைக்கவில்லை. சட்டம் 1930 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வருமுன் கிடைத்த சில திங்கள் இடைவெளியில், தொட்டிற் குழந்தைகளுக்குக்கூட அவசரம் அவசரமாகத் தாலி கட்டிய ஊர்கள் பலவாம். 1931 மக்கட்தொகைக் கணக்கு அதன் சுவட்டைக் காட்டிற்று. பின்னர் 1949இல் 15 ஆகவும், 1978இல் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 ஆகவும் வயது உயர்ந்தது. அம்மையார் தீர்மானம் கொண்டுவந்த நாளினின்று ஐம்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே அவர் கேட்டதைச் சட்டம் எட்டிப்பிடித்துக் கடந்தது.

தேவதாசி ஒழிப்பில் அவர் ஆற்றிய தொண்டு ஓரளவு யாவரும் அறிந்ததே. ஆதலின் சுருக்கமாகச் சொல்வோம். 1927இல் தீர்மானம், 1929இல், கோயிற்பணிக்கு ஈடாகப் பெற்ற மானிய நிலங்களைப் பணியினின்று விடுவித்து அப்பெண்களுக்கே உரியதாக்கும் சட்டம், பொட்டுக்கட்டுதலையே தடுக்கும் சட்டம் நிறைவேறியது 1947இல். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்றோர் தெருத்தெருவாய் நின்று போராடியதையும் இதனோடு சேர்த்தே நினைக்க வேண்டும். மருத்துவ நோக்கில் அம்மையார் கண்ட ஒன்றையும் மறத்தலாகாது. அறியாப் பருவத்துச் சிறுமியர்க்கு மேகநோய்கள் தொற்றின. அவற்றுள் ஒன்று கருவிலுள்ள குழந்தையையும் தாக்கி, கருச்சிதைவையும் செத்துப்பிறத்தலையும் உண்டாக்கும். மற்றொன்று பிறக்கும் குழந்தையின் கண்ணைக் குருடாக்கும்; பெண்ணை மலடாக்கும். இந்நோய்கள் ஆண்கள் வழியே குடும்பப் பெண்களையும் சென்றடைந்தன. இழித்துப் பேசப்பட்டதோ பெண் மட்டுமே. தேவதாசிப் பெண்கள் சிலர் தங்கள் கலையும் சொத்துரிமையும் பறிபோகுமென்று அம்மையாரை எதிர்த்து மனு அளித்ததும் வரலாறே. அவர்களின் அச்சத்தில் முற்றும் பொருளில்லை என நாம் சொல்லமாட்டோம்.

காந்தியடிகள் 1930இற் சிறைப்பட்டபோது அம்மையார் தம் சட்டமன்றப் பதவியைத் துறந்தார். ஏறக்குறைய அதே வேளையில், தேவதாசி வாழ்வினின்று தப்பிவந்த சிறுமியர் சிலர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். அவர்களைச் சேர்த்துக்கொள்ளுமாறு விடுதிகளைக் கேட்டபோது, குலத்தைக் காட்டி விடுதிகள் மறுத்தன. அம்மையார் தம் வீட்டிலேயே அவர்களை வைத்துக்கொண்டார். அதுவே அவ்வை இல்லமாக வளர்ந்தது; குலம் கேளாமல் ஆதரவற்ற பெண்களைச் சேர்த்துப் படிக்க வைத்தது. விடுதியில் இடமில்லை என்ற விடையைக் கேட்டுத் திரும்பிய நம் பிள்ளைகள் எத்தனையோ பேர். இப்பகுதியை எழுதும்போது நமக்கு அவர்கள் முகமே கண்முன் நின்றது.

இனி, அம்மையாரோடு நாம் உடன்படாத ஓரிடத்தையும் மறையாது சொல்ல வேண்டும். கருத்தடை முறைகளை அவர் விரும்பவில்லை. மக்கட்பேற்றைக் கட்டுப்படுத்தத் தன்னடக்கமே போதும் என்ற காந்தியடிகளின் கருத்தை ஒட்டியே அவரும் நின்றார். அதே முப்பதுகளில், நமக்கு அண்மையிலுள்ள ஈரோட்டிலிருந்து பெரியார், பிள்ளை பெறுவதா வேண்டாமா என்பது பெண்ணின் உரிமை எனக் கருத்தடையை வெளிப்படையாகப் பரப்பினார். அண்ணல் அம்பேத்கர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் ஆலைப் பெண்களுக்குப் பேறுகால உதவி வழங்கும் மசோதாவை ஆதரித்துப் பேசினார். அடுத்த ஆண்டு அது சட்டமாயிற்று. சென்னை மாகாணத்தில் அத்தகைய சட்டம் 1934இல் வந்தது. 1938 நவம்பரில், குடும்பக் கட்டுப்பாட்டு வசதிகளை அரசே ஏழைகளுக்கு வழங்க வேண்டுமென்ற தீர்மானம் அண்ணலின் கட்சி சார்பாகப் பம்பாய் அவையில் வந்தது. ரோகம் என்ற உறுப்பினர் அதனை முன்மொழிந்தார். அவை அதனைத் தோற்கடித்தது. பேறு பேறாகத் தளர்ந்துபோன ஒரு கூலிப்பெண்ணிடம் தன்னடக்கத்தைப் பேசுவதில் என்ன பயன் என்பதை அண்ணல் உணர்ந்திருந்தார். அவளுக்குக் கணவனை மறுக்கும் வலிமையை யார் கொடுத்தார்கள்? மருத்துவராகிய அம்மையார் இதனை ஏன் காணவில்லை என்பது நமக்கு வியப்பே.

தங்கையின் மறைவால் உண்டான உறுதி அடையாற்றிற் புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. 1952இல் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார், 1954இல் திறக்கப்பெற்றது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இற் சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதனை நாடறியச் செய்தனர். கருப்பைவாய்ப் புற்றினால் மாளும் ஏழைப் பெண்களுக்கு அது புகலிடமாயிற்று. மிக இளமையில் மணம், அடுத்தடுத்த பேறு ஆகியன அப்புற்றுக்கு வாய்ப்பை மிகுவிப்பவை. அதற்கு மூலமாகிய வைரசுக்கு இன்று தடுப்பூசி உண்டு. ஒன்பது முதற் பதினான்கு வயதுக்குள் போட்டுக்கொண்டால் மிகுந்த பயன் தரும். அரசு 1956இல் அம்மையாருக்குப் பத்மபூசண் விருது அளித்தது. 1968 சூலை 22ஆம் நாள், எண்பத்திரண்டு வயது நிறைவதற்கு எட்டு நாள் முன்னர், அவர் இயற்கை எய்தினார். அவர் பிறந்த நாளைத் தமிழ்நாடு அரசு 2019 முதல் மருத்துவமனை நாளாகக் கொண்டாடுகிறது.

நம் சமவெளிக்கு வருவோம். நாமக்கல் 1997இல் தனி மாவட்டமாகுமுன் யாவும் சேலமே. பெண் சிசுவைக் கொல்லும் கொடுமைக்காக நாடறிந்த பெயரும் அந்தச் சேலத்துக்கே வந்தது. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதன்முதலிற் தொடங்கப்பெற்றதும் இங்குதான். பெண்ணாகப் பெற்றாளென்று மருமகளை அடித்தவர்களுக்கு ஓர் உண்மை தெரிந்திருக்கவில்லை. தாயின் முட்டையில் எப்போதும் எக்ஸ் என்னும் குரோமோசோமே இருக்கும். தந்தையின் விந்தணுக்களிலோ பாதி எக்ஸ் உடையவை. பாதி ஒய் உடையவை. எக்ஸ் உடைய விந்தணு சேர்ந்தாற் பெண். ஒய் உடையது சேர்ந்தால் ஆண். பெண் பிறந்ததற்குத் தாய் எவ்வகையிலும் காரணமாகாள். அதற்காகத் தந்தையைக் குறைகூறவும் வேண்டியதில்லை. அவன் கையிலும் அது இல்லை. கருவிலேயே பால் அறிவதை 1994இன் சட்டம் தடை செய்துள்ளது.

குழந்தை மணமும் ஒழிந்துவிடவில்லை. 2019–21இல் எடுக்கப்பெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 12.8 பேர் பதினெட்டு நிறையுமுன் மணமானவர்கள். இந்திய அளவில் அது 23.3. நாம் முன்னேறிய மாநிலம் எனப் பெருமை கொள்ளலாம். ஆனால் எட்டுப் பெண்களில் ஒருத்தி என்பது சிறிய எண்ணன்று. சேகோ ஆலையிலும் விசைத்தறிக் கூடத்திலும் செங்கற்சூளையிலும் பெற்றோர் இருவரும் வேலைக்குப் போய்விட, வயது வந்த பெண்ணைத் தனியே விட அஞ்சி, பத்தாம் வகுப்போடு நிறுத்தி மாமன் மகனுக்குக் கொடுத்துவிடும் குடும்பங்களை நாம் அறிவோம். அவர்களின் அச்சம் பொய்யன்று. ஆனால் அதற்கு அவர்கள் கண்ட மருந்து நோயினும் கொடிது. மஞ்சள் நீராட்டுக்குக் கடன் வாங்கிப் பந்தலிட்டு, பதாகை கட்டி, ஒலிபெருக்கி வைத்து ஊரைக் கூட்டுகின்றோம். கூடியிருக்கும் அத்தனை பேரில் ஒருவரேனும் அச்சிறுமியை அருகழைத்து, உன் உடலில் நடந்தது இன்னது என்று சொல்லியதுண்டா?

ஆண்பிள்ளைகளும் அறிய வேண்டியவை உள்ளன. பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்ணின் இசைவு சட்டத்தின் கண்ணில் இசைவாகாது. காதல் என்றாலும், கோயிலில் தாலி கட்டியது என்றாலும், 2012இன் போக்சோ சட்டம் பாயும். 2017இல் உச்சநீதிமன்றம் மணமான சிறுமிக்கும் அதே பாதுகாப்பு உண்டெனத் தீர்ப்பளித்தது. ஆனால் இச்சட்டத்தின் அச்சத்தினாலேயே கருவுற்ற சிறுமியை மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் மறைத்துவைத்து, நாட்டுமருந்தோ கடை மாத்திரையோ கொடுத்து, குருதிப்போக்கில் உயிரிழக்க விடுவோரும் உளர். அவ்வாறு செய்யற்க. 1971இன் கருக்கலைப்புச் சட்டமும் 2021இன் திருத்தமும், தகுதியுள்ள மருத்துவரிடம் 24 வாரம் வரை சிறுமியர் உதவி பெற வழி செய்துள்ளன. சிறுமியும் அவள் காப்பாளரும் வேண்டினால், அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் காவல்துறைக்குத் தெரிவிக்காமலே மருத்துவர் தகவல் தரலாம் என 2022இல் உச்சநீதிமன்றம் கூறியுள்ளது. குழந்தை மணத்தைத் தடுக்க 1098 என்ற எண்ணை எவரும் அழைக்கலாம். மணப்பெண்ணே அழைக்கலாம், அழைத்தும் இருக்கின்றனர்.

ஒரு நூற்றாண்டுக்கு முன் எழும்பூர்க் கட்டில்களில் அம்மையார் கண்டதற்கும் இன்றைக்கும் பெரிய வேறுபாடு உண்டு. ஓர் இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இறக்கும் தாய்மார் 2018–20இல் இந்தியாவில் 97 பேர். தமிழ்நாட்டில் 54 பேர். ஆயினும் நம் மாநிலப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர்க்கு இன்னும் இரத்தசோகை. பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையைச் சன்னலுக்கு வெளியே எறியும் நம் பெண்பிள்ளைகள் அதனை விழுங்கினால் போதும். முருங்கைக்கீரையும் கேழ்வரகும் நம் மண்ணில் விளைபவையே.

பேறுகால உதவித்தொகையைப் பெற வேண்டுவோர் கருவுற்ற பன்னிரண்டு வாரத்திற்குள் தங்கள் ஊர் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிந்து, எண் பெற்றுக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு பேற்றுக்கே இவ்வுதவி உண்டு. தாய்க்குப் பத்தொன்பது வயது நிறைந்திருக்கவும் வேண்டும். பதினாறு வேண்டுமென 1928இல் கேட்டுப் பெறாத அம்மையாரின் பெயரால் அமைந்த திட்டம், இன்று பத்தொன்பதைக் கேட்கிறது. பதினேழு வயதில் பிள்ளையைக் கையிலேந்தி ஆரம்ப சுகாதார நிலைய வாயிலில் நிற்கும் நம் பெண்ணுக்கு அவ்விண்ணப்பத் தாள் கிடைப்பதில்லை.